பெறா என்ற இரண்டெழுத்து

மல்வேர்ன்
ரொறன்ரோ, கனடா
1996 மாசி 11

அன்புள்ள மகன் தவநீதனுக்கு,

கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று யோகமலர் ரீச்சர் ஒரு வசனம் எழுதித் தந்தார். அதை நான் எழுதவில்லை. என் சுகத்தை நீ இந்த எழுத்தைப் பார்த்தே அறிந்துகொள்வாய். இது புஸ்பராணி எழுதுவது அல்ல. அவள் வேலைக்குப் போய்விட்டாள். மருமகன் சிவபாதமும் போய்விட்டார். சமையலறை மேசையில் நான் தனியே இருக்கிறேன். இளையதம்பி எழுதுகிறேன்.

இந்தப் பந்திக்கு ஒரு பகல் போனது.

நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசியில் என்னை நூலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தாளைத் தந்து பெயரை எழுதச் சொன்னார்கள். நான் பெருவிரலை நீட்டினேன். படிப்பிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை என் விரலில் காயம் என்று நினைத்துப் பிளாஸ்டர் எடுத்து வந்தது. பக்கத்தில் இருந்த யோகமலர் ரீச்சருக்குத்தான் விளங்கியது. அவர் ஊரில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். "ஐயா, இங்கிலீசை விடுங்கோ. முதல் உங்கடை பெயரைத் தமிழிலை எழுதுவம்" என்றார். அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாள். "ஏன் ஐயா இனாவை யானைத் தும்பிக்கை மாதிரி இழுக்கிறியள்?" என்று கேட்பார். என் பெயரின் முதல் எழுத்து அது. இத்தனை வருடம் கழித்துச் சந்திக்கிறேன், கொஞ்சம் இழுத்தால் என்ன?

எழுத்தே தெரியாதவன் எப்படிப் பத்திரிகை போல எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். சுருட்டுக் கொட்டிலில் நாற்பது வருடம் இருந்தவன் நான். நாங்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயர இருந்து பத்திரிகையைத் தலையங்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். வசனமெல்லாம் காதில் கிடந்தது. கைக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். போன ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். வாசலில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று இருந்தது. நான் நின்று வாசித்து முடித்தேன். மருமகன் திரும்பி வந்து, "மாமா, உள்ளை பூசை முடிஞ்சுது. நீங்கள் இன்னும் செருப்பிலையே நிக்கிறியள்" என்றார். தமிழ்க் கடையில் இனாமாகத் தரும் பத்திரிகையும் வாசிக்கிறேன். ஊர்ப் பத்திரிகையில் செத்தவர்களின் படம் வரும். இங்கே வீடு விற்கிறவர்களின் படம் வருகிறது. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரித்தான் நேரே பார்க்கிறது.

நீ இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கிறாய் என்றும் அதற்குப் புள்ளி போடுகிறார்கள் என்றும் மருமகன் சொல்கிறார். மனிதருக்குப் புள்ளியா என்று கேட்டேன். "ஓம் மாமா, உது சோதினை மாதிரி. எழுபது எண்டால் உள்ளை, அறுபத்தொன்பது எண்டால் வெளியிலை." நீ எந்தச் சோதனையில் குறைய எடுத்தாய்? எனக்குப் பயமில்லை.

மூன்று நாள் ஆயிற்று. கை நோகிறது. நல்ல நோவு.

இளையதம்பி


வின்னிபெக்
1996 மாசி 24

அன்புள்ள ஐயா,

உறையில் புஸ்பராணி அக்காவின் எழுத்து, உள்ளே முன்பின் தெரியாத எழுத்து. ஆய்வுகூடத்தில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை அழவில்லை. இதைப் பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன். நீங்களே வாசிக்க வேண்டும். அக்காவிடம் கொடுக்கக் கூடாது.

சிவபாதம் அத்தான் சொன்னது சரி. இங்கே எங்கள் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களில் நாலு பேர் விண்ணப்பிக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டில் நாங்கள் ஆராயும் கோதுமைத் துருநோயைப் பற்றி யாரும் பேசுவதில்லை, புள்ளியைப் பற்றித்தான் பேச்சு. படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை. ஒரு சீனாக்காரருக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து பிறக்கிறது. பிறந்தால் இரண்டு புள்ளி போய்விடும் என்று அவர் பிறந்தநாளைக் கண்டு பயந்து திரிகிறார்.

நான் கூட்டிப் பார்த்ததில் எனக்கு அறுபத்தேழு வரும். எழுபது வேண்டும். கனடாவில் நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தால் ஐந்து புள்ளி தருவார்கள். அக்கா எனக்கு ஒன்றுவிட்ட சகோதரி, அதற்குப் புள்ளி இல்லை. சித்தப்பாவுக்கு உண்டு.

ஆகவே நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி தர வேண்டும். ஐயா, இதைக் கவனமாக வாசியுங்கள். என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் நல்லதம்பி, உங்கள் தமையன். நீங்கள் கனடா வரும்போது கொடுத்த விண்ணப்பத்தில் உங்கள் பிள்ளை புஸ்பராணி ஒருத்திதான். என்னை நீங்கள்தான் வளர்த்தீர்கள் என்பது வேறு. கடதாசிப்படி நீங்கள் என் சித்தப்பா, நான் உங்கள் பெறாமகன். எல்லா இடத்திலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை குத்தித் தரும் நொத்தாரிசு ஒருவரின் முன்னால் ஒப்பம் வைத்து, உள்ளே இருக்கும் விலாசத்துக்கு நேரே தபாலில் போட்டுவிடுங்கள்.

என் மாணவர் விசா புரட்டாதியோடு முடிகிறது. போன ஐப்பசிச் சண்டையில் யாழ்ப்பாணத்துச் சனம் எழும்பி ஓடிய பிறகு நம் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கொழும்பில் என் வயதுத் தமிழனுக்கு இருப்பது லொட்ஜ் அறையும் பொலிஸ் பதிவும்தான். நான் இங்கே இருக்க வேண்டும் ஐயா. இந்த ஐந்து புள்ளி இல்லாமல் முடியாது.

அன்புடன்
நீதன்


மல்வேர்ன்
1996 பங்குனி 17

அன்புள்ள மகன் நீதனுக்கு,

உன் காரியம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேள்.

நீ அனுப்பிய கடதாசியை நொத்தாரிசு கஸ்பரிடம் கொண்டுபோனேன். அவரும் நம் பக்கத்து ஆள், கரையூர். "ஐயா, உந்தக் கீறின இடத்திலை ஒப்பம் வையுங்கோ, அலுவல் முடிஞ்சுது" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தமிழில் சொன்னார். நாலு வரி. முப்பது வருடத்துக்கு நாலு வரி.

"தம்பி, இதை நான் தமிழிலை என்ரை கையாலை எழுதித் தந்தால் செல்லாதோ?"

"செல்லும். நான் இங்கிலீசிலை மாத்தி, ரெண்டையும் சேர்த்து முத்திரை குத்துவன். ஆனால் உங்களுக்கேன் வில்லங்கம்?"

"வில்லங்கம் இல்லைத் தம்பி. எனக்கு எழுதத் தெரியும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத வசனம் அது.

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். உன்னை இரண்டு வயதில் தூக்கியது முதல் பேராதனைக் கம்பஸுக்கு ரயில் ஏற்றிவிட்டது வரை எழுதினேன். ஒரு சொல்லில் மட்டும் இரண்டு நாள் நின்றேன். பிறகு எழுதிவிட்டேன். ரீச்சருக்குக் காட்டினேன். "ஒரு எழுத்துப் பிழையும் இல்லை ஐயா" என்றார். கஸ்பர் முத்திரை குத்தினார். தபாற்பெட்டிக்குள் நானே போட்டேன்.

இனி உன் ஐந்து புள்ளி என்னுடைய கையெழுத்தில் இருக்கிறது.

இளையதம்பி


வின்னிபெக்
1996 ஆனி 28

சித்தப்பாவுக்கு,

இந்தச் சொல்லை உங்களுக்கு முதல் முறையாக எழுதுகிறேன். ஆறு வயது வரை நீங்கள் எனக்குச் சித்தப்பா என்றே தெரியாது, தகப்பன் என்று நினைத்துத்தான் ஐயா என்று கூப்பிட்டேன். இப்போது எழுதிப் பழகுகிறேன். நீங்களும் பழகியிருக்கலாம்.

நேர்முகத்துக்காக ஒன்றரை நாள் பஸ்ஸில் ரொறன்ரோ வந்து, எல்லை தாண்டி அமெரிக்காவில் இருக்கும் கனடா அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார். துருநோய் இரும்பில் வருவதா என்று பகிடியும் விட்டார். பிறகு இரண்டு கடதாசியை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்கள் தகப்பன் பெயர்?"

"நல்லதம்பி. இறந்துவிட்டார்."

"இளையதம்பி யார்?"

"தகப்பனின் தம்பி."

"அவர் உங்களைத் தன் மகன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அவருடைய பழைய விண்ணப்பக் கோவையில் ஒரு மகள் மட்டும்தான். இதில் எது பொய்?"

தமிழில் தகப்பனின் தம்பியைச் சின்னத் தகப்பன் என்றுதான் சொல்வோம், அவர் என்னை மகன் என்பதில் பொய் இல்லை என்று விளக்கினேன். "அப்படியானால் உங்கள் நாட்டில் ஒருவருக்கு எத்தனை தகப்பன்?" என்று கேட்டார். அது பகிடி இல்லை. உண்மையாகவே அறியத்தான் கேட்டார். 

நேற்று முடிவு வந்தது. உறவுக்குப் பூச்சியம். மொத்தம் அறுபத்தேழு. விண்ணப்பம் நிராகரிப்பு. தந்த தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண் என்று ஒரு வரி தனியாக இருக்கிறது. தகப்பன் என்றாலும் ஐந்துதான், சித்தப்பா என்றாலும் ஐந்துதான். மகன் என்று எழுதியதால் ஒரு புள்ளியும் கூடக் கிடைத்திருக்காது. இரண்டு கடதாசியும் ஒன்றையே சொன்னால் போதுமாக இருந்தது.

கீறிய இடத்தில் ஒப்பம் வைக்க உங்களுக்கு என்ன குறை? இத்தனை வருடம் கைநாட்டு வைத்தீர்கள். இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாம்.

திரும்பும்போது சனிக்கிழமை ரொறன்ரோ பஸ் நிலையத்தில் நாலு மணித்தியாலம் இருந்தேன். மல்வேர்னுக்கு வரவில்லை.

தவநீதன்


மல்வேர்ன்
1996 ஆடி 9

நீதன்,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் புஸ்பராணி வாசித்திருப்பாள். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்திருப்பாள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பெறாமகன் என்ற சொல்லை வாயால் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "உவன் என்ரை பெறாமகன், கம்பஸிலை படிக்கிறான்" என்று கொட்டிலில் நாளுக்கு நாலு தரம் சொல்வேன். "இளையதம்பி, நீ சுத்தின சுருட்டிலும் பார்க்க உவனைப் பற்றிச் சொன்ன கதை கூட" என்று பகிடி பண்ணுவார்கள். வாயில் அது ஒரே சொல். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. எழுதும்போது அப்படி இல்லை. நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுதுகிறவன். பெ எழுதினேன். றா எழுதினேன். கை ஆற நின்றேன். நின்ற இடத்தில் அதை வாசித்தேன். பெறா. ஒரு சதமும் பெறாது என்று சொல்கிறோமே, அந்தப் பெறா. அதைக் கொண்டுபோய் உன் முன்னால் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்கள் என்று தெரியாது.

இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தேன். பிறகு புதுத் தாள் எடுத்து, அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டு எழுதினேன். கஸ்பர் கேட்டவர்.

"ஐயா, மகன் எண்டு கிடக்கு. சொந்த மகனோ?"

"ஓம், சொந்தம்தானே" என்றேன்.

அவரில் பிழை இல்லை. நீ தெளிவாக எழுதியிருந்தாய், உன்னிலும் பிழை இல்லை. ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீ எழுதியதை நான் வாசித்தேன். ஒரு சொல்லுக்காக ஒரு மனிதனை வெளியே விடுவார்கள் என்று நினைக்கவில்லை. எழுத்து அவ்வளவு கடுமையானது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது புதுச் சாமான்.

நேற்றுக் கஸ்பரிடம் போனேன். சரியாக எழுதித் தருகிறேன், திரும்ப அனுப்புவோம் என்றேன். "ஐயா, முதல் சொன்னதும் சத்தியம், இப்ப சொல்லுறதும் சத்தியம். அவை எந்தச் சத்தியத்தை எடுக்கிறது?" என்றார்.

நீ பஸ் நிலையத்தில் இருந்த அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வகுப்பு. சொல்வதெழுதுதலில் பத்துச் சொல்லுக்குப் பத்தும் சரி. சந்தோஷமாக வீட்டுக்கு நடந்து வந்தேன்.

இளையதம்பி


மல்வேர்ன்
1996 கார்த்திகை 3

நீதன்,

நீ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் புஸ்பராணிக்கு அழைத்துச் சொன்னாயாம். லொட்ஜ் விலாசம் அவள்தான் தந்தாள். ஆடிக்குப் பிறகு வின்னிபெக்குக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராததும் ஒரு பதில்தான் என்று விளங்குகிறது.

போக முதல் அகதிக்கேஸ் போடச் சொல்லி மருமகன் மன்றாடினாராம். "பொய்யன் எண்டு ஒருக்கா எழுதிப்போட்டாங்கள் அத்தான். இனி நான் உண்மை சொன்னாலும் பொய்தான்" என்றாயாம். மருமகன் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார்.

வகுப்புக்குப் போகாமல் ஒரு மாதம் நின்றேன். ரீச்சர் வீட்டுக்கு வந்து, "ஐயா, கோபம் எழுத்தோடையோ, என்னோடையோ?" என்று கேட்டார். திரும்பப் போகிறேன். எழுதாமல் இருந்தால் உனக்கு எழுதவும் முடியாது.

சாப்பிட்டாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

இளையதம்பி


கொழும்பு 6
1997 மாசி 2

சித்தப்பாவுக்கு,

போன முறை கோபத்தில் அப்படித் தொடங்கினேன். இந்த முறை கோபம் இல்லை. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

சாப்பிடுகிறேன். கடையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கிறது. பட்டம் வந்துவிட்டது, இப்போது நான் கலாநிதி தவநீதன். காலையில் உயர்தர மாணவர்களுக்குத் தாவரவியல் ரியூசன். மார்கழியில் என்னை இரண்டு நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. "கனடாவிலிருந்து யார் திரும்பி வருவான்? என்னத்துக்கு வந்தாய்?" என்று இதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இங்கேயும் நான் சொன்னது பொய் மாதிரித்தான் இருந்தது. லொட்ஜ் முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டார். அடுத்த முறை வருவாரோ தெரியாது.

கைநாட்டைப் பற்றி எழுதியதை நீங்கள் மறக்க வேண்டும். எழுதிய அன்றே தெரிந்தது. தபாலில் போட்ட பிறகு தெரிந்தது.

இனிக் காரியம். கிளடிஸ் என்று ஒரு சட்டத்தரணி இங்கே இருக்கிறார். திரும்ப விண்ணப்பிக்கலாம் என்கிறார். ஆனால் உங்கள் பழைய சத்தியக் கடதாசி கோவையை விட்டுப் போகாது. புதுச் சத்தியத்தை நம்ப மாட்டார்கள். நம் இருவருக்கும் இடையில் வழமையாகப் போய்வரும் கடிதங்களில் உண்மையான உறவு தானாகத் தெரிய வேண்டுமாம். ஒரு வருடக் கடிதங்களாவது வேண்டுமாம். "மிஸ்டர் தவநீதன், அங்கிள் சும்மா சுகம் விசாரிச்சு எழுதின மாதிரி இருக்கவேணும். சொல்லிக் குடுத்து எழுதின மாதிரி இருந்தால் அதுவும் உங்களுக்குத்தான் அடி" என்றார்.

ஆகவே இனி எனக்கு மகன் என்று எழுத வேண்டாம். பெறாமகன் என்று எழுதுங்கள். நான் சித்தப்பா என்று எழுதுவேன். நீங்கள் மகன் என்று எழுதிய பழைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கோவையில் வைக்க முடியாது. கிழிக்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்ததும் கிழித்துவிடுங்கள். நான் இப்படிக் கேட்டேன் என்று எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம்.

அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

தவநீதன்


மல்வேர்ன்
1997 பங்குனி 9

அன்புள்ள பெறாமகன் தவநீதனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். பனி கரையத் தொடங்கிவிட்டது. புஸ்பராணிக்கு வேலை கூட. புஸ்பராணி என் மகள். எனக்கு வேறு பிள்ளை இல்லை.

நேற்று வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு மகளும் ஒரு பெறாமகனும் என்று எழுதினேன். பெறாமகன் என்றால் தமையனின் மகன். என் தமையன் பெயர் நல்லதம்பி. அவர் 1967 இல் நெருப்புக் காய்ச்சலில் இறந்தார். அண்ணியும் அதே மாதம் இறந்தார். அப்போது உனக்கு இரண்டு வயது. அதன் பிறகு நீ எங்கள் வீட்டில் வளர்ந்தாய். உன் பள்ளிக்கூடப் பதிவில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கைநாட்டு இருக்கும். தகப்பன் என்ற இடத்தில் இருக்காது.

சின்ன வயதில் நீ என்னை ஐயா என்று கூப்பிட்டாய். அது அறியாத வயது. ஊரில் பெரியவர்கள் எல்லோரையும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை.

போன வருடம் ஒரு கடதாசியில் நான் பிழையாக எழுதினேன். எழுதப் பழகிய புதிது. ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத் தவறவிட்டேன். அது எழுத்துப் பிழை.

நான் பெற்றது புஸ்பராணியை. உன்னை நான் பெறவில்லை.

கொழும்பில் நுளம்பு கூட என்று கேள்விப்பட்டேன். வலை போட்டுப் படு. இதை ஒரு சித்தப்பாவும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி நான் எழுதவில்லை. என் மனம் விரும்பி எழுதினேன்.

உன் சித்தப்பா
இளையதம்பி